லிஸ்டில் எழுதாத மாத்திரை

என் கையெழுத்து நன்றாக இருக்கும். இதை நானே சொல்லிக்கொள்வது கேவலம்தான். ஆனால் சொல்லப்போவது பூராவுமே என் கேவலம் என்பதால் எங்கே தொடங்கினால் என்ன.

கம்பத்தில் இருபத்திரண்டு வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டாக்டர் கிறுக்கிக் கொடுத்த சீட்டைக் கொண்டுவந்தால், வெள்ளைத்தாளில் காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டு, சாப்பாட்டுக்கு முன், பின் என்று தமிழில் எழுதிக் கொடுப்பேன். சனங்கள் அதைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பார்கள். "டாக்டர் சொன்னது புரியல, ராஜபாண்டி சொன்னாத்தான் புரியுது" என்று நாலு பேர் சொல்லிச் சொல்லி எனக்குத் தலையில் கொம்பு முளைத்துவிட்டது. சளி என்றால் நானே கொடுப்பேன், இடுப்புவலி என்றால் நானே கொடுப்பேன். யாராவது இரண்டாவது கேள்வி கேட்டால் எரிந்து விழுவேன். "நான் என்ன புளியங்கொட்டையா விக்கிறேன்?" என்பேன்.

என் அண்ணன் முத்துக்கருப்பன் சுருளிப்பட்டியில் திராட்சைப் பந்தல் போட்டிருக்கிறார். அவர் மனைவி சங்கிலியம்மாள், என் மதினி. எனக்குப் பத்து வயசு இருக்கும்போது எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவர். இப்போது அவருக்கு ஐம்பத்தேழு. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. மூன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கடைக்கு வந்து, "வயிறு கல்லு மாதிரி இருக்கு தம்பி, ஏப்பமா வருது" என்றார். ஒரு அட்டை கேப்சூலை எடுத்து நீட்டினேன்.

"காலைல வெறும் வயித்துல ஒண்ணு போடுங்க மதினி. வாயுத்தொல்லையெல்லாம் பறந்துரும்."

பறந்துதான் போனது. மதினிக்குச் சந்தோஷம். அன்றிலிருந்து மாதம் மூன்று அட்டை, நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். அந்த கேப்சூலை எந்த டாக்டரும் எழுதவில்லை. எங்கள் பக்கம் கேஸ் மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பல் விளக்குவார்கள், கேஸ் மாத்திரை போடுவார்கள், காபி குடிப்பார்கள். "மாத்திரை ஏதும் சாப்பிடுறீகளா?" என்று கேட்டால் அதை வாயில் வைத்துக்கொண்டே "ஒண்ணும் இல்லையே" என்பார்கள். சனங்கள் சொல்லலாம். மருந்து படித்தவன் நான், நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஒரு வருஷம் கழிந்து மதினிக்கு வலது கைக் கட்டைவிரல் ஆட ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் ஆடும், சொம்பை எடுத்தால் நின்றுவிடும். பிறகு நடை குறைந்தது. சின்னச் சின்ன அடியாக, காலைத் தரையோடு இழுத்து நடந்தார். பேச்சு மெதுவானது. எல்லாவற்றையும்விட முகம். மதினி கலகலவென்று இருக்கிற ஆள். அந்த முகத்தில் அசைவே இல்லாமல் போனது. கண்ணைக்கூட அபூர்வமாகத்தான் சிமிட்டினார்.

போன வருஷம் தை மாதம் அவர் மகள் விஜிக்குக் கல்யாணம். பெரியகுளம் மாப்பிள்ளை. மண்டபத்தில் சம்பந்தி அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேச, மதினி கல்லாக நின்றிருக்கிறார். "பொண்ணோட ஆத்தாவுக்கு எங்களைப் பிடிக்கல போல, முகத்தைத் தூக்கி வச்சிருக்காக" என்று பேச்சு கிளம்பிவிட்டது. என் காதுக்கு வந்ததும் எனக்குக் கோபம் ஏறியது. பந்தியில் நின்றுகொண்டிருந்த மதினியிடம் போய், சமையல்காரர்கள் பார்க்க, "சிரிச்சா முத்தா உதிர்ந்துரும்? மக கல்யாணத்துல எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீக!" என்று கத்தினேன். மதினி என்னையே பார்த்தார். "சிரிச்சுக்கிட்டுத்தான தம்பி இருக்கேன்" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டேன்.

இன்றைக்கு அதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஆடியில் தேனிக்குக் கூட்டிப் போனோம். ஜஸ்டின் என்று ஒரு நரம்பு டாக்டர். பொறுமையான மனிதர். மதினியை எழுந்து நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், மணிக்கட்டைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். "பார்க்கின்சன் நோயா இருக்கலாம்" என்றார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டதும் நான் பெருமையாக என் லிஸ்டை எடுத்து மேசையில் வைத்தேன். ஐந்து வரி. சுகருக்கு இரண்டு, பிரஷருக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, சத்து மாத்திரை ஒன்று. "இவ்வளவு சுத்தமா யாரும் எழுதிக்கொண்டு வந்ததில்லை" என்று பாராட்டினார். வெளியே வரும்போது அண்ணனைப் பார்த்து, "பாத்தியாண்ணே?" என்று வேறு கேட்டேன்.

டாக்டர் கொடுத்த பார்க்கின்சன் மாத்திரையை நாலு மாதம் சாப்பிட்டும் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதுதான் அவருக்கு இடித்தது. "சாதாரண ஸ்கேன்ல இது தெரியாது. மூளைக்குள்ள அசைவுக்கான ரசாயனத்தைச் சுரக்கிற செல் உயிரோட இருக்கா, செத்துப்போச்சான்னு காட்டுற ஸ்கேன் ஒண்ணு இருக்கு. கொச்சியில எடுக்கலாம்" என்றார்.

கார்த்திகையில் கார் பிடித்துக் குமுளி மலை ஏறிப் போனோம். கொச்சியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். சாப்பிடும் மருந்துகள் எல்லாம் எழுது என்று அதிலும் இருந்தது. நான் லிஸ்டைப் பார்த்து அதே ஐந்தை எழுதினேன். மதினிக்குக் கையில் ஊசி போட்டு, மருந்து மூளையில் போய்ச் சேரட்டும் என்று நாலு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு நெற்றியில் பட்டை கட்டிப் படுக்க வைத்தார்கள். "அம்மே, தல அனங்கருது கேட்டோ" என்றது ஒரு நர்ஸ் பிள்ளை. தலையை அசைக்கக்கூடாதாம். தலை அசையவில்லை. வயிற்றின் மேல் இருந்த வலது கை மட்டும் அரை மணி நேரமும் ஆடிக்கொண்டே இருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அண்ணன் அழுதார். "இந்த நோய்தாண்டு வந்துட்டா கடேசிவரைக்கும் இப்பிடித்தானாலே?" என்றார். தைரியம் சொன்னேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

அடுத்த புதன்கிழமை தேனியில் ஜஸ்டின் டாக்டர் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். கறுப்புத் திரையில், மூளைக்கு நடுவே, இரண்டு பக்கமும் இரண்டு கமா போட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது.

"பார்க்கின்சன்னா இந்த வால் மங்கிப்போய் வெறும் புள்ளியா நிக்கும். அம்மாவுக்கு வால் முழுசா இருக்கு. செல் எல்லாம் உயிரோட இருக்கு. பார்க்கின்சன் இல்லை."

அண்ணன் கை எடுத்துக் கும்பிட்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"அப்ப ஏன் சார் ஆடுது?" என்று கேட்டேன்.

டாக்டர் அண்ணனைப் பார்த்து, "உங்க தோட்டத்து மோட்டார் ஓடுது, தண்ணியும் வருது. வாய்க்கால்ல யாரோ கல்லைப் போட்டு அடைச்சா வயலுக்குப் பாயுமா? அது மாதிரி. சில மருந்துகள் அப்படி அடைக்கும். மனநோய்க்குக் குடுக்கிறது, தலைசுத்தலுக்குக் குடுக்கிறது, வாந்திக்குக் குடுக்கிறது. வாயுக்குக் குடுக்கிற சில கேப்சூல்ல ரெண்டு மருந்து இருக்கும். ஒண்ணு அமிலத்தைக் குறைக்கும், அது பரவாயில்லை. இன்னொண்ணு இரைப்பையைத் தள்ளிவிடும். அது மூளையிலயும் போய் அடைக்கும். வருஷக்கணக்கா சாப்பிட்டா இப்படித்தான் ஆகும்" என்றார்.

மாதம் மூன்று அட்டை நான் கொண்டுபோய்க் கொடுத்தது அந்த ரகம்தான்.

டாக்டர் லிஸ்டை எடுத்தார். "இதுல அப்படி எதுவும் இல்லையே. வேற ஏதாவது சாப்பிடுறாங்களா?"

"எல்லாம் தம்பி குடுக்கிறதுதான்" என்றார் மதினி. "அவன் எழுதியிருக்கிறதுதான் சார்" என்றார் அண்ணன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். "சார், நான் ஒரு கேப்சூல் குடுத்தேன்" என்று ஐந்தே வார்த்தை. என் வாய் சொன்னது வேறு.

"இல்ல சார். இம்புட்டுத்தான்."

ஏன் சொன்னேன் என்று கேட்டால் வழக்கு வரும், லைசென்ஸ் போகும் என்றெல்லாம் சொல்லலாம். அதெல்லாம் பொய். மதினி என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அது போய்விடும் என்று பயந்தேன், அவ்வளவுதான்.

டாக்டர் குழம்பிப்போனார். "அப்ப பார்க்கின்சன் மாத்திரையை நிறுத்திடலாம். சில பேருக்கு மனசுல இருக்கிற கஷ்டம்கூட உடம்புல நடுக்கமா வரும். அதுவும் வியாதிதான். ஒரு மாசம் கழிச்சு வாங்க, அதையும் பார்ப்போம்" என்றார்.

அன்று சாயங்காலமே நான் சுருளிப்பட்டிக்குப் போனேன். மதினியின் டப்பாவில் இருந்த பழைய அட்டைகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அமிலத்தை மட்டும் குறைக்கிற வேறு மாத்திரையை வைத்தேன். "பழசு ஸ்டாக் வரல மதினி, இதைப் போடுங்க" என்றேன். "சரி தம்பி" என்றார். வண்டியில் திரும்பி வரும்போது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டு மூன்று மாதத்தில் நடுக்கம் தானாக நின்றுவிடும். ஸ்கேன் எடுத்த ராசி என்று நினைத்துக்கொள்வார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது.

ஆனால் "ஒண்ணுமில்லை" என்ற ஸ்கேன் ஒரு வீட்டுக்குள் வந்தால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

நோய் என்று நினைத்திருந்தவரை அண்ணன் மதினிக்குச் சோறு பிசைந்து கொடுத்தார். இப்போது டாக்டர் சொன்னதில் "மனசு" என்ற வார்த்தை மட்டும் அவர் தலையில் நின்றுவிட்டது. "ஸ்கேன்ல ஒண்ணுமில்லையாம்ல. அப்பறம் என்னா ஆட்டம்?" என்று ஆரம்பித்தார். தட்டை நகர்த்தி வைத்து, "நீயே எடுத்துத் தின்னு" என்றார். செய்தி பெரியகுளம் போனது. சம்பந்தி வீட்டில் "அப்பவே சொன்னோம்ல, வேணும்னுதான் மூஞ்சியைத் தூக்கிட்டு நின்னாக" என்றார்களாம். விஜி போனில் தாயிடம், "ஏம்மா இப்பிடிப் பண்ற? எனக்கு அங்கன தலை காட்ட முடியல" என்று அழுதிருக்கிறாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் நடுக்கம் குறைகிறதா என்று பார்க்கப் போவேன். மதினி தளும்பத் தளும்பக் காபி கொண்டுவருவார். குடித்துவிட்டு வருவேன். அண்ணன் மதினியைத் திட்டும்போது, "விடுண்ணே, சரியாப் போகும்" என்பேன். நல்லவன் வேஷம் எனக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்துக்குப் போனேன். வெட்டு நடந்துகொண்டிருந்தது. பந்தலுக்கடியில் ஐந்தாறு பெண்கள் குலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். லாரிக்கு நேரமாகிவிட்டதென்று அண்ணன் கத்திக்கொண்டிருந்தார். மதினி வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

"என்னா வேடிக்கை பாக்குற? ஆளுக்கு ஒரு பெட்டி தூக்குறாகள்ல, நீயும் தூக்கு" என்றார் அண்ணன்.

"என்னால முடியலையே" என்றார் மதினி.

"முடியலையா, மனசில்லையா? கொச்சிக்காரன் மெசினே சொல்லிருச்சு உனக்கு ஒண்ணுமில்லேண்டு. எந்திரி!"

பெண்கள் கத்திரியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மதினி எழுந்து, பழம் நிறைந்த பெட்டியைத் தூக்கினார். நாலு அடி வைத்தார். ஐந்தாவது அடிக்குக் கால் எழவில்லை, உடம்பு மட்டும் முன்னால் போனது. பெட்டியோடு குப்புற விழுந்தார். உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

"நடிக்காத, எந்திரி" என்றார் அண்ணன்.

"அண்ணே, அவுக நடிக்கல!" என்று கத்தினேன். ஓடிப்போய் மதினியைத் தூக்கி உட்கார வைத்தேன். "நான் குடுத்த மாத்திரைண்ணே. நான் குடுத்த மாத்திரைதான் இம்புட்டும் பண்ணுனது."

அண்ணனுக்குப் புரியவில்லை. "எந்த மாத்திரை?"

"காலைல வெறும் வயித்துல போடுவாகளே."

"ஏலே, அது கேஸ் மாத்திரைல்ல?"

"அதேதான். டாக்டர் வாயு கேப்சூலுண்டு சொன்னாருல்ல, அது இதுதான். நான் லிஸ்ட்ல எழுதல. கேட்டப்பவும் இல்லேண்டு சொல்லிட்டேன்."

அண்ணன் மதினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வரப்பில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். என்னை அடிப்பார், ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு அப்போது அவர் வெட்கமே பெரிதாக இருந்தது.

மதினி முந்தானையால் உதட்டைத் துடைத்தார். "உனக்கு எப்பத் தெரியும் தம்பி?"

"டாக்டர் சொன்ன அன்னைக்கே தெரியும் மதினி. அன்னைக்குச் சாயங்காலமே மாத்திரையை மாத்தி வச்சிட்டேன். இனிமே சரியாப் போகும். மன்னிச்சுருங்க."

"அது புதன்கிழமை" என்றார். விரல் விட்டு எண்ணினார். ஆடுகிற கையால் எண்ண முடியாமல் இடது கைக்கு மாற்றிக்கொண்டார். "பதினெட்டு நாளு."

நான் கவிழ்ந்து கிடந்த பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

"மூணு வருசமா மாத்திரை குடுத்த. அது தெரியாமக் குடுத்தது. அதுக்கு நான் உன்னைய ஒண்ணும் சொல்லமாட்டேன். நல்லாருக்கணும்ண்டுதான குடுத்த. இந்தப் பதினெட்டு நாளும் தெரிஞ்சுதான இருந்த?"

"ஆமா மதினி."

"எனக்கே என் மேல சந்தேகம் வந்துருச்சு தம்பி. ஆளில்லாத நேரத்துல இந்தக் கையைப் பாத்து 'நிறுத்துடி, நிறுத்துடி'ண்டு அதட்டுவேன். உலக்கையை வச்சு அமுக்கிக்கூடப் பாத்தேன். எல்லாரும் சொல்றாகளே, நாந்தான் ஆட்டுறேனோண்டு நெனச்சேன். நீ தெனமும் வந்து எதுத்தாப்புல உக்காந்து காபி குடிச்சிட்டுப் போன."

குரல் உயரவில்லை. முகத்தில் கோபம் தெரியவில்லை, தெரியவும் வழியில்லை. அந்த முகத்தையும் நான்தான் அப்படி ஆக்கியிருந்தேன். அங்கே மண்ணில் உட்கார்ந்துகொண்டு, நசுங்கின பழங்களைப் பொறுக்கிப் பொறுக்கிப் பெட்டியில் போட்டேன்.

அங்கிருந்தே ஜஸ்டின் டாக்டருக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "நல்லவேளை, இப்பவாவது சொன்னீங்க. பெரும்பாலும் சரியாகிடும். கொஞ்சம் மிச்சம் நிக்கவும் நிக்கலாம், சொல்ல முடியாது" என்றார். பிறகு, "வேற எத்தனை பேருக்கு இதைக் குடுத்திருக்கீங்க?" என்று கேட்டார்.

அந்த வாரம் முழுக்க வீடு வீடாகப் போனேன். சுருளிப்பட்டியில், கம்பத்தில், உத்தமபாளையத்தில். அப்துல் அஜீஸ் என்ற துணிக்கடைக்காரருக்கு இடது கை ஆடிக்கொண்டிருந்தது. வயசாகிவிட்டது என்று அவர் சும்மா இருந்திருக்கிறார். "டாக்டரைப் பாருங்க பாய், இது என் தப்பு" என்றேன். சிலர் ஏசினார்கள். சிலர், "சரி, அதுக்குப் பதிலா வேற கேஸ் மாத்திரை குடு" என்று கேட்டார்கள். அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது. பெரியகுளத்துக்கு அண்ணனும் நானும் சேர்ந்தே போனோம். சம்பந்தி வீட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டு, நின்றுகொண்டே சொன்னேன். விஜி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இப்போது ஐந்து மாதம் ஆகிவிட்டது. மதினி தேறி வருகிறார் என்று அண்ணன் சொல்லத்தான் கேள்வி. சாயங்காலக் காபிக்குப் போக எனக்குத்தான் முகமில்லை.

போன செவ்வாய்க்கிழமை கடையில் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி மதினி வந்துகொண்டிருந்தார். தனியாக. கால் தரையில் இழுபடவில்லை, நல்ல எட்டு எடுத்து வைத்து வந்தார். எழுந்து நின்றேன். கடைக்கு நேரே வந்ததும் நின்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற ஆள் இல்லை அவர்.

"சாப்ட்டியா?" என்று கேட்டார்.

"சாப்ட்டேன் மதினி. நீங்க?"

"ஆச்சு" என்றார்.

கையில் டாக்டர் சீட்டு இருந்தது. சுகருக்கும் பிரஷருக்குமாக இருக்கும். வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டிவிட்டேன், அத்தனை வருஷப் பழக்கம். மதினி என் கையைப் பார்த்தார். சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்து, விறுவிறுவென்று ரோட்டைக் கடந்து எதிர் மருந்துக்கடைப் படியில் ஏறினார்.